கம்பெனி ஃபிட்டிங்

கடைசிச் சக்கரத்தையும் கழற்றி, காரோடு வந்த ஸ்டீல் வீலை மாட்டிவிட்டு லிங்கராஜ் தெருமுனையை எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை. பளபளவென்றிருந்த அலாய் வீலை உருட்டிக்கொண்டு போய்க் குளியலறையில் ஒளித்து, மேலே ஒரு சாக்கையும் போட்டு மூடினான்.

திருட்டெல்லாம் இல்லை, கார் அவனுடையதுதான். கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. முந்தாநாள் முத்தையாபுரம் பக்கம் ஓர் உப்பு லாரியின் பின்னால் கொண்டுபோய்ச் செருகி, காரின் மூக்கைச் சப்பையாக்கி வைத்திருந்தான். பத்து மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார்.

அதற்குள் கார் ஷோரூமிலிருந்து நேரே வந்ததுபோல் ஆகிவிட வேண்டும். அலாய் வீல், ஊரையே எழுப்பும் ஹாரன், டிக்கி நிறைய ஸ்பீக்கர் எல்லாம் அவன் ஆசை ஆசையாக மாட்டியது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் மூச்சு விட்டதில்லை. இப்போது க்ளெய்ம் கிடைக்காவிட்டால் கார் சப்பை மூக்கோடு வாசலிலேயே நிற்கும். ‘போர்ட் ஆபீசர்’ லிங்கராஜ் துறைமுகத்துக்கு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். தெருவே சிரிக்கும்.

“மாட்டும்போதே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?” என்றாள் மனைவி வேல்விழி. “பிரீமியம் கொஞ்சம் கூடக் கேட்டிருப்பான், அவ்வளவுதான?”

“ஏளா, அவன் என்ன சர்ச்சு சாமியாரா, முன்னால போய் நின்னு எல்லாத்தையும் ஒப்பிக்கதுக்கு? கேட்டாத்தான சொல்லணும்?”

“கேட்டானே! போன மாசம் பாலிசியப் புதுப்பிக்கும்போது, வண்டியில மாத்தம் உண்டான்னு ஃபாரத்துல இருந்துச்சே. ‘இல்லை’ன்னு கையெழுத்துப் போட்டது யாரு?”

“சர்வேயர் முன்னால நீ வாயத் தொறந்த, தெரியும் சேதி!”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆத்தூரில் கொடிக்கால் வைத்திருக்கிற மாமனார் செந்தூர்பாண்டி, ஒரு கட்டு வெற்றிலையோடு இறங்கினார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்ததிலிருந்து கழற்றாமல் கழுத்தில் தொங்கிய துறைமுக கேட் பாஸை லிங்கராஜ் அவசரமாகச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, “வாங்க மாமா” என்றான்.

பெண் பார்க்கும்போதே லிங்கராஜ் கறாராகச் சொல்லிவிட்டான். போர்ட் ஆபீசர் அந்தஸ்துக்கு டாப் மாடல் கார், மேலே சன்ரூஃப் கட்டாயம். செந்தூர்பாண்டி அரை வார்த்தை பேரம் பேசவில்லை. வண்டி எடுத்தது, பதிவு செய்தது, முதல் இன்சூரன்ஸ் எல்லாமே அவர்தான். அவர் காட்டிய இடத்தில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். மழை பெய்தால் சன்ரூஃப் தலையில் சொட்டும். விலை கூடின வண்டி என்றால் அப்படித்தான் என்று தெருவுக்கே விளக்கம் சொல்லியிருந்தான்.

“மாப்ள, க்ளெய்மெல்லாம் எதுக்கு? நம்ம விக்டர் ஷெட்டுல விட்டுருவோம். செலவ நான் பாத்துக்கிடுதேன்” என்றார் செந்தூர்பாண்டி.

மாமனார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! ஆனாலும் லிங்கராஜ் விடவில்லை. “டாப் மாடல் மாமா. கண்ட ஷெட்டுலயும் விட முடியுமா? நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கிடுதேன்.”

சரியாகப் பத்து மணிக்குச் சர்வேயர் ஜெயசிங் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார்.

“வண்டியில ஏதாவது மாத்திருக்கீங்களா சார்?”

“ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டல சார். எல்லாம் கம்பெனி ஃபிட்டிங். மாமா குடுத்தது குடுத்தபடியே இருக்கு.”

செந்தூர்பாண்டி வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

ஜெயசிங் லிங்கராஜின் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார். ஒரு மைல்கூட ஓடாத புது ஸ்டீல் வீல்களைப் பார்த்தார். “சரி, இதக்கூட விட்டுருவோம்” என்று சிரித்தபடி பின்பக்கம் போனார். அங்கே மின்னிய டாப் மாடல் எழுத்தை நகத்தால் நெம்பினார். அது அவர் விரலோடு உரிந்து வந்தது. அப்புறம் கூரையைத் தட்டினார், சன்ரூஃப் ஓரத்து ரப்பரை இழுத்துப் பார்த்தார்.

“சார், சேசிஸ் நம்பர்படி இது அடி மாடல். இதுக்குக் கம்பெனியில சன்ரூஃபே கிடையாது. யாரோ கூரைத் தகரத்த வெட்டிக் கண்ணாடிய ஒட்டியிருக்காங்க. நீங்க மாத்தமே இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. க்ளெய்ம் கஷ்டம்தான்” என்று சொல்லிவிட்டு, போன் பேசக் கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.

 லிங்கராஜ் மெதுவாக மாமனார் பக்கம் திரும்பினான். விக்டர் ஷெட்டின் மர்மம் இப்போதுதான் விளங்கியது.

“மாமா! ஒரு போர்ட் ஆபீசருக்குப் பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு, பொய்யா ஒரு காரக் குடுத்து ஏமாத்திட்டீயளே! வெக்கமா இல்ல ஒங்களுக்கு?”

கையை வீசிக் குதித்ததில் பாஸ் சட்டையை விட்டு வெளியே வந்து ஆடியது. வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை.

செந்தூர்பாண்டி கோபப்படவில்லை. அந்தப் பாஸை எடுத்து, பக்குவமாக மாப்பிள்ளையின் சட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

“நீங்க ஆபீசர்னு சொன்ன மறுநாளே போர்ட் கேட்டுக்கு வந்து பாத்தேன் மாப்ள, காண்ட்ராக்டர்ட்ட கூலிக்கு நின்னு லாரிக்கு டோக்கன் கிழிச்சிக்கிட்டு இருந்தீய.”