பாதிக்குக் கீழே சிவப்பு

மென்பொருள் உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: தலைமை ஆர்க்கிடெக்ட் சபாநடேசன், நிரலை ஓட்டிப் பார்க்காமல் கண்ணாலேயே பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். பிரிசில்லாவின் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்யும் கூட்டம் அது. பெரிய திரையில், மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதைச் சிவப்பாகக் காட்டும் எடிட்டர் மென்பொருளில், அவள் எழுதிய நிரல் பாதிக்குக் கீழே ஒரே சிவப்பு.

"மேற்கோள் குறியத் தொறந்தா மூடணும்மா. வீட்ல கதவ மூடுவீங்கள்ல?" என்றார். அறையே சிரித்தது.

"அது ரெஜெக்ஸ் சார், எழுத்துக்குள்ள மேற்கோள் குறி எங்க இருக்குன்னு தேடுற வரி. தேடுற குறிய எடிட்டர் தொறந்த குறின்னு நெனச்சு கலர மாத்திடுச்சு. காலைல ஓட்டினேன், நல்லா ஓடுது."

"கலரே சொல்லுதேம்மா" என்றவர், மேனேஜரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முடிந்தது.

சாப்பிட்ட பிறகு, ஏதோ உறுத்த, தன் பழைய நிரல் ஒன்றைத் திறந்தார். அதிலும் அப்படியொரு ரெஜெக்ஸ். வரியின் கடைசியில், கணினி கண்டுகொள்ளாத கமெண்டுக்குள், அநாதையாக ஒரு மேற்கோள் குறி. எடிட்டரை ஏமாற்றிச் சிவப்பைப் போக்க அவரே வைத்தது.

எழுந்து மேனேஜர் அறை வாசல்வரை போனார். உள்ளே பிரிசில்லா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் திரும்பி வந்து, அவளுடைய வரியின் கடைசியிலும் ஒரு கமெண்ட் போட்டு, ஒரு குறி வைத்தார். சிவப்பு மறைந்தது.

"சரி பண்ணிட்டீங்களா சார்?" மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ம்."

நிரல் காலையில் ஓடியது போலவே ஓடியது.