பிரெஞ்சுப் பவிசு

"எப்படி இருக்கு மாமி?" என்று கேட்டுக்கொண்டே உபைதுல்லா டேப் ரெக்கார்டரின் சத்தத்தை இன்னும் கூட்டினான். பாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி, இறங்கத் தெரியாமல் அங்கேயே நின்று நடுங்கினாள்.

மெஹராஜ் பேகம் முகத்தைச் சுளித்தாள். வாயில் போட்ட கடல்பாசி இனிப்புகூடக் கசந்தது.

மயிலாடுதுறையிலிருந்து கார் பிடித்து, தரங்கம்பாடி வழியாகக் காரைக்காலுக்கு வந்தது இந்தக் கூத்தைக் கேட்கவா? மகன் ஃபஹத்துக்குப் பெண் பார்க்க வந்திருந்தாள் அவள். துபாயில் இருக்கிற பிள்ளைக்கு முன்னந்தலை முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. பார்த்த வரன் எல்லாம் தட்டிப்போய், இது ஒன்றுதான் கைகூடி வந்தது. பிடித்தால் இன்றைக்கே பெண் கழுத்தில் போட்டுவிட, கைப்பையில் சங்கிலியோடுதான் வந்திருந்தாள்.

பெண்ணைப் பிடிக்கவும் செய்தது. தஹ்மீனா லட்சணமாக இருந்தாள். கேட்டதற்கெல்லாம் பதவிசாகப் பதில் சொன்னாள். அவளுடைய அண்ணன் இந்த கேசட்டைத் தூக்கிக்கொண்டு வரும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"லீவுக்கு வந்தப்ப பாரிஸ்லேர்ந்து கொண்டாந்தேன் மாமி. பிரெஞ்சுப் பாட்டு. கூட வாசிக்கிறது பியானோ" என்றான் உபைதுல்லா. "யாரு பாடுறதுன்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம்!"

ஆமாம், ஊரில் உள்ள வெள்ளைக்காரி எல்லாம் தனக்குச் சொந்தம் பார்! மெஹராஜுக்குப் புரியாமல் இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற திமிர். நெல் மண்டிக்காரன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று குத்திக் காட்டுகிறார்கள். மூன்று வேளையும் மீன் ஆணம் ஊற்றிச் சாப்பிடுகிற வாய்க்கு இந்தப் பவிசு ஒரு கேடு!

பக்கத்தில் கணவர் அஹமது கபீர் வேறு மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். போர்த்தியிருந்த துப்பட்டிக்கு அடியிலிருந்து கையை நீட்டி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். தலையாட்டல் நின்றது.

"நேர்லயும் போய்க் கேட்டேன் மாமி. மண்டபம் நெறைய ஆளுங்க. முடிஞ்சதும் அத்தன பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க."

"ஆம்பளைங்க முன்னாடியா பாடுனா?"

"ஆமா மாமி!" என்றான் உபைதுல்லா. அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. கூடப்பிறந்தவளே பாடியது மாதிரி!

மெஹராஜ் பெண்ணிடம் திரும்பினாள். "நீயும் இதக் கேப்பியாம்மா?"

"தெனம் கேக்குறேன் மாமி. ரெண்டு பாட்டு மனப்பாடமே ஆயிடுச்சு" என்று தஹ்மீனா வெட்கப்பட்டாள். "குரல் அப்படியே உருக்குதுல்ல?"

உருக்குகிறதாம்! மயக்க ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கினால் வருகிற சத்தம் இது. விடிந்தால் அடைந்தால் தன் வீட்டுக் கூடத்திலும் இந்த ஊளைதானா? தெருவே வாசலில் கூடி நின்று சிரிக்கும்.

மெஹராஜின் மகள் அனீஸாவும்தான் பாரிஸில் இருக்கிறாள். இந்த வரனைச் சொன்னதே அவள்தான். கட்டிக்கொடுத்து அனுப்பி எத்தனை வருஷம் ஆகிறது, ஒரு ஆடம்பரம் உண்டா அவளுக்கு? போனில் கேட்பதெல்லாம் பனங்கற்கண்டு ஒன்றுதான். ஊரிலிருந்து யார் போனாலும் கொடுத்தனுப்பச் சொல்வாள். தொண்டை கட்டிவிடக் கூடாதாம். குளிர் தேசத்தில் பிள்ளை என்ன பாடு படுகிறதோ என்று மெஹராஜும் கிலோ கிலோவாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

உபைதுல்லா கேசட்டைத் திருப்பிப் போட்டான். பியானோ டொங்கு டொங்கென்று ஆரம்பிக்க, வெள்ளைக்காரியும் சேர்ந்துகொண்டாள். "இந்தப் பக்கம் இன்னும் நல்லாருக்கும் மாமி..."

"நிறுத்துங்க!"

கடல்பாசிக் கிண்ணம் மேசையில் டக்கென்று இறங்கியது. உபைதுல்லாவின் விரல் பட்டனை அழுத்தியது. வெள்ளைக்காரி பாதி வார்த்தையில் வாயை மூடினாள்.

"நானும் போவுது போவுதுன்னு பாக்குறேன். என் மகளும் அந்த ஊர்லதான் இருக்கா. கட்டிக் குடுக்குற வரைக்கும் அவ சத்தம் எங்க வீட்டு வாசப்படி தாண்டுனதில்ல. அங்க போயும் இருக்குற எடம் தெரியாம இருக்கா. ஆம்பளைங்க கூட்டத்துல வாயப் பொளந்துக்கிட்டு ஊளையிடுறவள, நடுவீட்ல வச்சுக் கொண்டாடுறீங்களே... ச்சீ! காது கூசுது. இதத் தெனம் கேக்குற பொண்ணு எங்க வீட்டுக்கு வேணாம்."

தஹ்மீனாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க, எந்திரிங்க!" என்று கணவரைக் கிளப்பினாள். சங்கிலி இருந்த கைப்பையை அக்குளில் இறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

வாசல்வரை போனவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திரும்பி நின்று டேப் ரெக்கார்டரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பொண்ணு வளத்த லட்சணத்தப் பாரு! இந்தப் பாட்டுக்காரியப் பெத்தவ யாரு? அவ மட்டும் என் கண்ணு முன்னால வரட்டும். நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்!"

தஹ்மீனா அண்ணனைப் பார்த்தாள். ஒன்றுமே புரியாமல் அவள் மெஹராஜிடம் கேட்டாள்:

"அனீஸாக்காவப் பெத்தவங்க நீங்கதானே மாமி?"