அழாமல் பிறந்தவன்

"ரெண்டே நாள்தான். உன் புள்ளையை என்கூட மெட்ராசுக்கு அனுப்பு. பத்திரமா கொண்டாந்து விட்டுடறேன்."

"அதில்ல டாக்டரம்மா..." கிருஷ்ணம்மா முந்தானை நுனியைத் திருகினாள்.

"மெட்ராசுன்னா பயமா? உங்க அக்கா ஊரே இப்ப மெட்ராசோட சேர்ந்துடுச்சு!"

கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை. "ஆமாம்மா. ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிச்சதுல அவ ஊரு அந்தப் பக்கம் போச்சு, எங்க ஊரு இங்கியே நின்னுடுச்சு. அவ புள்ளையும் அங்க ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கான். லீவு குடுக்க மாட்டாங்களாம்."

"அக்கா புள்ள எங்கயாவது படிக்கட்டும். எனக்கு உன் புள்ள வந்தா போதும்."

டாக்டர் தபீதாள் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். பிறந்ததும் அழாத குழந்தைகளின் மூளைக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. சித்தூருக்கு வந்த நாளிலிருந்து வேறு நினைப்பே கிடையாது, கல்யாணத்தைக்கூட மறந்துவிட்டாள். கழுத்து நிற்காத பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், வலிப்பில் துடிக்கும் பிள்ளைகள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. தப்பித்தவன் கிருஷ்ணம்மாவின் மகன் தணிகாசலம் ஒருவன்தான்.

நீலம் பாரித்துப் பிறந்தவன். "விட்டுடுங்கம்மா" என்று நர்ஸ் கெஞ்சியும், தபீதாள் அவன் வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். ஆறாம் மாதம் வராந்தாவில் அவளுடைய ஸ்டெதஸ்கோப்பை அவன் எட்டிப் பிடித்து இழுத்தபோது, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதுவிட்டாள். வருஷா வருஷம் வருவான். பாட்டுப் பாடுவான். ஒற்றைக் காலில் நொண்டியடித்துக் காட்டுவான்.

"மூச்சு வர லேட்டானா விட்டுடறதுதான் நல்லதுன்னு சொல்ற பெரிய டாக்டருங்க மெட்ராசுல கூட்டம் போடறாங்க, அவங்க முன்னாடி அவனை நிறுத்தணும் கிருஷ்ணம்மா. நான் மணிக்கணக்கா பேசினாலும் நம்ப மாட்டாங்க. அவன் ஒரு பாட்டுப் பாடினா போதும். எங்க அவன்?"

"வெளிய, அவங்க நைனாகிட்ட."

"அப்புறமென்ன? கூப்பிடு!"

கிருஷ்ணம்மா கதவைத் திறந்தாள். அவள் புருஷன் ஐந்து வயதுப் பையன் ஒருவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். பையனின் தலை நிற்கவில்லை. கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக் கிடந்தன. தபீதாளைப் பார்த்துச் சிரித்தான்.

"இது யாரு?"

"தணிகாசலம்மா. நீங்க மூச்சு குடுத்த புள்ள." கிருஷ்ணம்மாவின் குரல் இறங்கியது. "அன்னிக்கு வராந்தாவுல அக்கா மடியில இருந்த அவ புள்ளையத் தூக்கிக்கினு அழுதீங்க. உங்க மூஞ்சில அவ்ளோ சந்தோஷம். இது என் புள்ள இல்லம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் வருஷா வருஷம் அவனையே கூட்டிக்கினு வந்தேன்."

தபீதாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கிருஷ்ணம்மா மகனின் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவனை மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போறீங்களா டாக்டரம்மா?"