மாலை போட்ட படம்

சோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தாள் உஷா. கோவிந்தராஜன் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி, இல்லாத கேமராவால் அவளைப் படம் பிடித்தான்.

ராஜாஜிநகரில் சூப்பர் மார்க்கெட் திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாமாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்களாம் என்று அவர்கள் குடியிருந்த ஒக்கலிபுரத்தில் அதே பேச்சு. ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்குக் கல்யாண சீசன் முடிந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரும். லேபில் பிரிண்டுகளை வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியோடு நேரே இங்கே வந்துவிட்டான். வாங்குவது ரெண்டாம்பட்சம், வேடிக்கை பார்ப்பதுதான் திட்டம்.

பளபளக்கும் உறைக்குள் இருந்த புளியைத் தூக்கிக் காட்டி, புளிக்குக்கூடச் சட்டை மாட்டிவிட்டார்கள் பார் என்றான். உஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பில் போடும்போதுதான் வாசலைப் பார்த்தான்.

நீலச் சீருடையில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அவன் அறிந்தவரை, செத்துப்போனவர்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் உஷா.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஹரிஷ்குமார் என்று ஒரு பையன் ஸ்டூடியோவுக்கு வந்தான். எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. பீன்யா தொழிற்சாலை ஒன்றின் பழைய குரூப் போட்டோவை நீட்டினான். அதில் இருக்கும் அப்பா தவறிவிட்டார், கல்யாண மேடையில் வைக்கப் பெரிதாகப் படம் வேண்டும் என்றான். காக்கிச் சட்டை வேண்டாம், கோட்டு இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னான். படத்துக்குக் கீழே போட இராஜமாணிக்கம் என்ற பெயரையும் மறைந்த தேதியையும் எழுதிக் கொடுத்தான்.

பதினோரு முகங்களிலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுத்து, கோவிந்தராஜன் இரண்டு நாள் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்தான். கோட்டு வரைந்தான். இடது காது மடலில் இருந்த வெட்டை மட்டும் விட்டுவிட்டான். இறந்தவரை அளவுக்கு மீறித் திருத்தக் கூடாது என்பது அவன் கொள்கை. படத்தைக் கொடுக்கும்போது பையனின் தோளைத் தட்டி, அப்பா மேலிருந்து ஆசீர்வாதம் பண்ணுவார் என்றுகூடச் சொன்னான்.

கல்யாணத்தைப் படம் எடுத்தவனும் அவன்தான். மாலை போட்ட அந்தப் படத்தின் முன்னால் மணமக்கள் விழுந்து கும்பிட்டார்கள். பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருவேளை அண்ணன் தம்பியாக இருக்கலாம் என்று மனசு ஒரு சாக்குத் தேடியது. வரிசை இரண்டடி நகர்ந்ததும் அதுவும் போயிற்று. இடது காது மடலில் அதே வெட்டு. சட்டைப் பையின் மேல் இராஜமாணிக்கம் என்று பெயர்ப் பட்டை.

சம்பந்தி வீட்டாரிடம் என் அப்பா வாசலில் நின்று பை சோதிக்கிறார் என்று சொல்ல அந்தப் பயலுக்கு வாய் வரவில்லை. சாகடிப்பது சுலபமாக இருந்திருக்கிறது. மாலை போடப் படம் பண்ணிக் கொடுத்தது நாம்தானே என்று நினைத்துக்கொண்டான் கோவிந்தராஜன்.

அந்தக் கல்யாணத்தின் பிரிண்டுகள், ஸ்டூடியோ பெயர் போட்ட உறையில், கேமராப் பைக்குள் இருந்தன. லென்ஸ் இருக்கிறது, வெளியே வைக்க முடியாது என்று அடம்பிடித்து உள்ளே கொண்டுவந்த பை. போகும்போது திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் விட்டிருந்தார்கள். அப்போது வாசலில் வேறொருவர் இருந்தார்.

இந்த மனுஷன் பார்த்துவிட்டால் என்ன ஆவார்? திரும்பி ஓடவும் வழியில்லை. கடைக்கு ஒரே வாசல்.

"பேக் ஸ்வல்ப தோர்ஸி சார்," என்று பையைக் காட்டும்படி கன்னடத்தில் சொல்லிக்கொண்டே பெரியவர் ஜிப்பை இழுத்தார். லென்ஸை நகர்த்தினார். உறையை எடுத்தார். வெறும் போட்டோ, வெறும் போட்டோ என்று கோவிந்தராஜன் தமிழில் உளறினான். அதற்குள் பிரித்துவிட்டார்.

முதல் படமே அதுதான். மகனும் மருமகளும் மண்டியிட்டிருந்தார்கள். எதிரே கோட்டுப் போட்ட இராஜமாணிக்கம்.

பெரியவர் அதைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கோவிந்தராஜன் ஒரு பொய்யைத் தேடினான்.

படத்தை உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார் பெரியவர். பில்லில் ஓட்டை போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த குரூப் போட்டோவ நான்தான் சார் தேடி எடுத்துக் குடுத்தேன். பையன் கேட்டான். கோட்டு நல்லாத்தான் இருக்கு. கீழ மறைஞ்ச தேதின்னு என்னா போட்டீங்க? அவன்கிட்ட கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. வருசா வருசம் அன்னிக்கு தெவசத்துக்குன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க பையன் வீட்டுக்கு வருவாங்கல்ல. தெரியாம நான் அந்தப் பக்கம் போயி நின்னுடக் கூடாது பாருங்க."

கோவிந்தராஜன் தேதியைச் சொன்னான்.

பெரியவர் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அடுத்தவரின் பைக்குக் கையை நீட்டினார்.