ஈர்க்குச்சிப் பாலம்

மீத்திறன் வகுப்பில் பிள்ளைகள் எதைக் கட்டுவதானாலும் முதலில் மேசையில் பதித்த கணினித் திரையில் அதை வரைந்து, நிற்குமா என்று கேட்க வேண்டும். நிற்காது என்று திரை சொன்னால் கட்டக்கூடாது.

எட்டு வயது நிலோஃபரின் ஈர்க்குச்சிப் பாலத்துக்கு, "இரண்டு செங்கல் வைத்தால் ஒடியும்" என்றது திரை. அவள் வழக்கம்போல் படத்தை அழிக்கப் போனாள். மூன்று வருடத்தில் அவள் எதையும் கட்டியதே இல்லை.

எஸ்தர் டீச்சர் திரையின் ஒயரைப் பிடுங்கினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த விளக்குமாற்றைப் பிரித்து அவள் முன் போட்டார்.

"கட்டு. ஒடிஞ்சா ஒடியட்டும்."

இரண்டாவது செங்கல்லில் பாலம் ஒடிந்தது. அன்று பள்ளியைப் பார்வையிட வந்திருந்த ஆய்வாளர் சத்தம் கேட்டு ஓடிவந்து, நடந்ததை விசாரித்தார்.

"திரை சொன்னபடிதானம்மா ஆச்சு? எதுக்கு இந்த வீண்வேலை?" என்று டீச்சரைக் கடிந்தார்.

ஒடிந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்த நிலோஃபர் நிமிரவே இல்லை.

"சார், தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க. டீச்சர், இன்னொரு விளக்குமாறு இருக்கா?"