அவர் எழுதாமல் விட்ட இடம்

"ஞாயித்துக்கிழமை நானே வாசிக்கிறேன் சார்."

இதைத்தான் கேட்கவே கூடாது என்று ஸ்டெல்லா அக்கா அவளிடம் சொல்லியிருந்தாள். இந்த வேலைக்குக் கூட்டிவந்த அன்றே, பஸ்ஸில் வைத்து. "ரிகர்சலுக்கு மட்டுந்தாண்டி நீ. மேடை ஏறுற பேச்சே எடுக்காத. எடுத்தா என் தலைதான் உருளும்."

இப்போது வயோலா வரிசையில் ஸ்டெல்லா அக்கா தலையைக் குனிந்துகொண்டு வில்லுக்கு ராசின் பிசின் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்த வில்.

ஜெயசிங் சார் குச்சியை ஸ்டாண்டில் வைத்தார். ஆர்கெஸ்ட்ராவில் நாற்பது பேரை அந்தக் குச்சியால் ஆட்டிவைக்கிறவர்.

"பியானோ வாசிக்க அந்தப் பொண்ணு லண்டன்லேருந்து வருதும்மா. போஸ்டர் அடிச்சாச்சு."

"ஒரு மாசமா இங்க வாசிச்சது நான்தான சார்."

"நல்லாத்தான் வாசிக்கிற. அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"நீ வேணா பக்கத்துல உக்காந்து அதுக்குத் தாள் திருப்பு. மேடையிலதான இருப்ப."

சார் அதை ஒரு பரிசு மாதிரிதான் சொன்னார். குச்சியை எடுத்தார். "முதல் பகுதி. கடைசிக்கு முந்தின பக்கம்."

அவள் பி.காம். படித்தாள். பியானோ படித்தாள். வாயை மூடிக்கொள்ள மட்டும் யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை.

ஆனாலும் மூடிக்கொண்டாள். கைகளைப் பியானோக் கட்டைகள் மேல் வைத்தாள்.

நெஞ்சில் கோபம். விரல்களில் வேறொன்று. ஒரு குறுகுறுப்பு.

அந்தப் பக்கத்தில் ஒரு குறி இருக்கிறது. அரைவட்டம், நடுவில் ஒரு புள்ளி. திறந்த கண் மாதிரி. அங்கே வந்ததும் நாற்பது பேரும் நின்றுவிடுவார்கள். பியானோ மட்டும் தனியே வாசிக்க வேண்டும்.

என்ன வாசிக்க வேண்டும் என்று மொசார்ட் எழுதவில்லை.

எழுத என்ன அவசியம்? வாசிக்கப் போகிறவரே அவர்தான். அந்தக் காலத்து வழக்கம் அது. மற்றவர்கள் சும்மா இருக்க, பியானோக்காரர் தன் மனதில் பட்டதை வாசிப்பார். முடிக்கும்போது பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக உதறுவார். அதற்குப் பெயர் டிரில். அது கேட்டால்தான் மற்றவர்கள் திரும்ப உள்ளே வரலாம்.

முதன்முதலில் மேடையேறிய அன்று மொசார்ட் அந்த இடத்தில் என்ன வாசித்தார்?

யாருக்கும் தெரியாது. காற்றோடு போயிற்று.

ஒரு மாதமாக அவளும் அங்கே எதையும் வாசித்ததில்லை. சார் சொல்லிவிட்டார். "அங்க உனக்கு வேலை இல்ல. நேரா டிரில்லுக்குப் போயிடு."

மொசார்ட்டைப் பற்றி இன்னொன்றும் அவள் படித்திருந்தாள். பேராயர் வீட்டில் வேலை பார்த்தபோது அவரைச் சமையற்காரர்களோடு ஒரே மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

படித்தபோது அவளுக்கு அதிசயமாக இல்லை. அம்மா லூர்து கான்வென்ட்டில் பாத்திரம் தேய்த்தாள். அந்தச் சமையல்கட்டில்தான் அவள் வளர்ந்தாள். பியானோ இரண்டு அறை தள்ளி. டிகிரி வாங்கிக்கொண்டு போய்க் காட்டிய அன்றும் சிஸ்டர் அவளை 'லூர்து மக' என்றுதான் கூப்பிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்த சமையற்காரன் அவரிடம் என்ன பேசியிருப்பான்?

உப்பு போதுமா என்று கேட்டிருப்பான்.

அந்த வேலையை அவர் தானே உதறிவிட்டுப் போனதையும் அவள் படித்திருந்தாள்.

குச்சி இறங்கியது. வயலின்கள் ஏறின. ஏறி, அந்தக் கண் வரைக்கும் வந்து, நின்றன.

அவள் டிரில்லுக்குப் போகவில்லை.

முதலில் ஒரே ஒரு சுரம். உள்ளே ஆள் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பது போல.

பிறகு அவருடைய மெட்டின் வாலை மட்டும் எடுத்தாள். இடது கைக்குக் கொடுத்தாள். கீழே போனால் இது என்ன ஆகும்? கனத்தது. மேலே கொண்டுபோனால்? வழி தெரியாமல் நின்றது. நிற்கட்டும் என்று விட்டாள். திரும்பி வேறு பக்கமாக வந்தாள். ஒன்று தப்பாக விழுந்தது. அதையே மறுபடி வாசித்தாள்.

இரண்டாம் முறை அது தப்பாக இல்லை.

ஸ்டெல்லா அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

சார் கையை உயர்த்தினார். நிறுத்தச் சொல்லத்தான். உயர்ந்த கை அங்கேயே நின்றது.

மொசார்ட் ஏன் எழுதி வைக்கவில்லை என்று அவளுக்கு லேசாகப் புரிவது போலிருந்தது.

முடிக்கும் இடம் வந்தது. வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. வில்கள் தந்திகளின் மேல் வந்து உட்கார்ந்தன. புல்லாங்குழல்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

டிரில்லுக்கான அந்த இரண்டு கட்டைகள் மேலும் அவள் விரல்கள் இருந்தன.

எடுத்துவிட்டாள்.

பியானோவின் மூடியை மெதுவாக மூடினாள். எழுந்தாள்.

அவள் பை வழக்கமாகப் பியானோவுக்கு அடியில்தான் கிடக்கும். இன்று வரும்போதே அதைக் கதவோரம் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"டிரில்லு," என்றார் சார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்திருக்கும். "டிரில்லப் போடும்மா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

படியில் இறங்கும்போது காது கொடுத்துக் கேட்டாள்.

இன்னும் ஒருவரும் தொடங்கவில்லை.