எங்கள் மலையின் கல்

கடல் கடந்த தீவில் இருந்த தன் ஊர் எரிமலையின் கல் என்று பெரியவர் நீட்டியதை, அருங்காட்சியக அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

“உங்க மலை செங்குத்தா இருக்குமா?”

“ஆமாம்மா. குடத்தோட ஏறினா மூச்சு வாங்கும். எங்கம்மா பாதி வழியில உட்கார்ந்து பாட ஆரம்பிச்சுடுவாங்க.” சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

“இதுல மணல்ல இருக்கிற சிலிக்கா அதிகம். அது அதிகமானா எரிமலைக் குழம்பு கெட்டியா இருக்கும். ஓடாம அங்கேயே குவிஞ்சு, உள்ள வாயு அடைஞ்சு, ஒருநாள் வெடிச்சுடும். சிலிக்கா குறைஞ்சா குழம்பு இளகி ஓடும், மலையும் தட்டையா பரவும். அங்கேன்னா பெரும்பாலும் நடந்தே தப்பிச்சிடலாம்.”

“எங்க மலை வெடிச்சப்போ, பின்தங்கின அம்மாவைத் திரும்பிப் போய்க் கூட்டிட்டு வந்திருக்க முடியுமா?”

“முடியவே முடியாது. திரும்பியிருந்தா நீங்களும் போயிருப்பீங்க. உங்க மேல தப்பே இல்லை ஐயா.”

“எனக்கு அப்போ அஞ்சு வயசும்மா.”

அவர் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் ஒரு மூதாட்டி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னை இடுப்புல தூக்கிட்டு ஓடினது இவங்கதான். அம்மாவை விட்டுட்டேனேன்னு அறுபது வருஷமா அழறாங்க. அக்கா, உள்ள வாங்க. மேடம் சொல்றதை நீங்களே கேளுங்க.”

அதிகாரி தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.